பொக்கைவாய்

“வாயை மூடாதீங்க. மூடினா நான் பொறுப்பில்ல” என்றார் பல் டாக்டர்.

நாற்காலியில் சாய்ந்து கிடந்தவருக்கு இருந்தது கடுகளவு சொத்தை. உட்கார்ந்ததுமே மேஜையைப் பார்த்து முகம் வெளுத்த ஆள் அவர். ஊசி, குறடு, ஹெல்மெட் மாட்டிய பல் படம் போட்ட டாக்டரின் காபிக் கோப்பை என்று கண்ணை ஒரு சுற்று ஓட்டினார், அவ்வளவுதான். ஊசி என்றால் சில பேருக்கு அப்படி.

சட்டென்று அடைத்து அனுப்பியிருக்கலாம். டாக்டரோ அந்த ஒரு பல்லையே தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு நின்ற நர்ஸுக்கே பொறுக்கவில்லை.

“டாக்டர், சின்னச் சொத்தைதானே?”

“சின்னதுன்னு விட்டுத்தான் ஒரு வருஷம் அசிங்கப்பட்டேன்.”

நர்ஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

விஷயம் இதுதான். டாக்டருக்குக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபுட்பால் டீம் உண்டு. முட்டை மாதிரிப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதுவார்களே, அந்த ஃபுட்பால். ஆடுவது கம்ப்யூட்டர், யாரை எங்கே நிறுத்துவது என்பது மட்டும் நம் பாடு. போன வருஷ இறுதிப் போட்டியில் ‘காட்டாறு’ என்ற டீம் டாக்டரை அடித்துத் துவைத்துவிட்டது. தோற்ற டீமுக்கு ஜெயித்தவர் வைக்கிற பேர்தான் ஒரு வருஷத்துக்கு என்பது அங்கே சட்டம். முகம் தெரியாத அந்தக் காட்டாறு வைத்த பேர், ‘பொக்கைவாய்’.

பல் டாக்டருக்குப் பொக்கைவாய்! கூட ஆடுகிற மச்சினன் சும்மா இருப்பானா? வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே, “பொக்கைவாய் அத்தான் இருக்காரா?” என்று கத்துவான். மனைவி சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரிப்பாள். டாக்டருக்கு வயிறு எரியும்.

இந்த வருஷமும் இறுதிப் போட்டியில் அதே காட்டாறு. இன்று மதியம் பன்னிரண்டுக்கு ஆட்டம். அதற்கப்புறம் யாரும் எதையும் மாற்ற முடியாது. தடுப்பில் இரண்டாவது வரிசையில் நிற்கிற லைன்பேக்கர்களைக் காட்டாறு எப்போதும் முன்னால் பாய விடுவான் என்று டாக்டருக்குத் தெரியும். பாய்ந்தால் நடுவில் வெட்டவெளி. அங்கேயே குட்டிக் குட்டியாகப் பந்தை எறிந்தால் கதை முடிந்தது. அவன் லைன்பேக்கர்களைப் பின்னுக்கு இழுத்தால்தான் ஆபத்து. ஜெயித்த கையோடு அவன் டீமுக்கு வைக்கப் பேர்கூட யோசித்தாகிவிட்டது: ‘சாக்கடை’.

இந்த நேரத்தில்தான் பல்வலி என்று இந்த ஆள் வந்தார். முகம் வெளுத்த கையோடு ஃபோனை எடுத்து, “டாக்டர், ஒரே நிமிஷம். ஒரு சின்ன வேலை” என்றார். கையுறை மாட்டிக்கொண்டே டாக்டர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மேலே ‘காட்டாறு’ என்று பேர். கீழே நடு லைன்பேக்கர் மேல் கட்டைவிரல்.

டாக்டருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. பின்னுக்கு இழுக்கப் பார்க்கிறான் படுபாவி! அடுத்த நொடி ஃபோன் நர்ஸ் கையில் இருந்தது.

“ஃபோனெல்லாம் அப்புறம். வாயைத் திறங்க.”

ஊசி போட்டார், பஞ்சைத் திணித்தார், தேய்க்க ஆரம்பித்தார். அவர் “ஆ… ஆ…” என்று ஃபோனைக் காட்டினார். கை கூப்பியும் பார்த்தார்.

“அசையாதீங்க, நாக்குல பட்டுடும்” என்றார் டாக்டர். இவ்வளவு சந்தோஷமாக அவர் யாருக்குமே சொத்தை அடைத்ததில்லை.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது. டாக்டர் மிஷினை நிறுத்தினார். பஞ்சை எடுத்தார். முகமூடியைக் கழற்றினார், மரியாதையையும் சேர்த்தே கழற்றினார்.

“என்னடா காட்டாறு! ஆள் யாருன்னு தெரியுதா? நான்தான்டா பொக்கைவாய்!”

கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். “பாரு, உன் டீம் நாறப்போறதை!”

ஆட்டம் ஆரம்பித்தது. டாக்டரின் ஆள் நடுவில் பந்தை எறிந்தான். அங்கே வெட்டவெளி இல்லை. காட்டாறின் நடு லைன்பேக்கர் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தான். பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினான். அடுத்ததையும் அவனே பறித்தான். அதற்கு மேல் டாக்டரால் பார்க்க முடியவில்லை.

“இவனை… எப்போடா பின்னால இழுத்தே?” என்று திரையில் இருந்த லைன்பேக்கரைத் தட்டிக் கேட்டார்.

“நேத்தே” என்றார் அவர், மரத்துப்போன வாயால் குழறிக்கொண்டு.

“அப்போ இன்னிக்கு எதுக்கு ஃபோனை எடுத்தே?”

டாக்டரின் டீம் சின்னமான ஹெல்மெட் பல் போட்ட காபிக் கோப்பையை அவர் கைகாட்டினார். “அதைப் பார்த்ததும் நீங்க யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அத்தனை பேரையும் முன்னாடி தள்ளி விட்டுடலாம்னுதான்…”

“எதுக்கு?”

“தோக்கத்தான் டாக்டர்! என் பல்லு உங்க கையில இருக்கே!”