அவள் போன சத்தம்

ஜூலியட் கட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது அவள் புருஷன் பிராங்க்ளின் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"மெதுவா."

கதவு சாத்துகிற சத்தம் மைக்கில் பதிவாகிவிடுமே என்று அவனுக்குக் கவலை. நன்றாகவே பதிவானது.

பிராங்க்ளின் காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுகளுக்கு அழுகிறவன். அவனுடையது தோளில் மாட்டுகிற கிட்டார் இல்லை. நான்கு காலில் நிற்கிற பெடல் ஸ்டீல் கிட்டார். இஸ்திரி மேஜை என்று நினைத்து, வீட்டுக்கு வந்தவர்கள் சட்டையை நீட்டியிருக்கிறார்கள். பெடலை மிதித்து, இரும்பு உருளையைக் கம்பிகள் மேல் இழுத்தால், அசல் மனிதன் விசும்புவது போலவே கேட்கும்.

அங்கிருந்து தயாரிப்பாளர் பாட்டை அனுப்புவார். இவன் படுக்கையறையில் அழுது திருப்பி அனுப்புவான்.

எல்லாம் ஒரே பாட்டுதான். பொண்டாட்டி லாரி ஏறிப் போய்விட்டாள். அந்த ஊரில் ஒருத்தியாவது வீட்டில் இருக்கிறாளா என்று ஜூலியட்டே கேட்டிருக்கிறாள்.

இப்போது இவளும் போய்விட்டாள். காரணம், சமையலறை வாசலில் அவன் மாட்டியிருந்த சிவப்பு பல்பு. அது எரிந்தால் ஃபேன் கூடாது, மிக்ஸி கூடாது, குக்கர் மூச்சு விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தவள், மீன்காரி மாரியம்மாளிடம் வாங்கிய கொடுவா மீனைக் கழுவி வைத்துவிட்டு, மசாலா அரைக்க மிக்ஸியில் கை வைத்தாள். பல்பு எரிந்தது.

"இந்த வீட்ல மனுஷி இருக்க முடியாதுங்க" என்றாள். அவ்வளவுதான்.

வீடு அமைதியானது. கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருந்த அமைதி. அவள் இல்லாமல் தன்னால் ஒரு நாள் கூட இருக்க முடியாது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாசித்தான். கண்ணீரும் வியர்வையும் கம்பிகள் மேல் சொட்டின. வாழ்க்கையில் அப்படி அவன் வாசித்ததே இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு அனுப்பிவைத்தான்.

தயாரிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. வாசிப்பு சுத்தம், ஆனால் வலி இல்லை. மனைவி விட்டுப் போன மாதிரி இல்லை, கடைக்குப் போன மாதிரி இருக்கிறது. விட்டுப் போவது என்றால் என்னவென்று கொஞ்சம் நினைத்துப் பார்த்து வாசியுங்கள்.

பிராங்க்ளின் நினைத்துப் பார்த்தான். மறுபடி பல்பைப் போட்டான்.

பாதிப் பாட்டில் வாசல் கதவு திறந்தது. ஜூலியட் உள்ளே வந்தாள். அவனையும் பார்க்கவில்லை, பல்பையும் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய்க் குக்கரை அடுப்பில் ஏற்றி, மிக்ஸியைப் போட்டாள்.

வேறு நாளாக இருந்தால் ஓடிப் போய்க் கும்பிட்டிருப்பான். இன்றைக்கு நிறுத்தவில்லை. சந்தோஷத்தில் உருளை கைக்கு அடங்காமல் வழுக்கியது. மிக்ஸி உறுமியது. கடைசி வரியில் குக்கர் விசிலடித்தது. அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே அனுப்பிவிட்டான்.

பதில் உடனே வந்தது. இதுதான் வலி. அவளுடைய லாரி உறுமிக்கொண்டு கிளம்புகிறது, தூரத்தில் ரயில் கூவுகிறது, இங்கே எல்லோரும் அழுதுவிட்டோம். மற்றப் பாட்டுகளுக்கும் அதே லாரி வேண்டும்.

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினான்.

"திரும்பி வந்துட்டியே" என்றான்.

ஜூலியட் மிக்ஸி மூடியைத் திறந்து மசாலாவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அடுத்த தெரு ஷர்மிளா வீட்ல அரைச்சுட்டு வரலாம்னு போனேங்க. அங்க கரண்ட் இல்ல."

கட்டைப் பை தரையில் சரிந்து கிடந்தது. பிராங்க்ளின் குனிந்து பார்த்தான். புடவை எதுவும் இல்லை. ஒரு தேங்காய் மூடியும் நாலைந்து மிளகாய்க் காம்பும் இருந்தன.

அவன் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"நெஜமா போற அன்னைக்கு நீங்க சொல்லவே வேணாம். கதவ மெதுவாத்தான் சாத்துவேன்."

பிராங்க்ளின் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சிவப்பு பல்பைச் சுடச்சுடக் கழற்றினான்.