நெற்றியில் ஒரு கை

“ஏட்டி ஆவுடை, நீ மட்டும் நில்லு. மத்தவ எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

இன்றைக்கும் அதே கதைதான். கபடிப் பயிற்சி முடிந்து மற்ற பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, ஒன்பதாம் வகுப்பு ஆவுடைத்தாய் மட்டும் மைதானத்தில் நின்றாள்.

விளையாட்டு டீச்சர் கெசியா அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். தலை அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். ஆவுடைத்தாயின் தலையோ தொட்டதுமே தலையாட்டிப் பொம்மை மாதிரி பின்னால் சாய்ந்தது.

“திரும்பவும் செய்யி,” என்றார் கெசியா. அப்புறம் பிடரியில் கை. அப்புறம் காதுப் பக்கம். எந்தப் பக்கமும் நிற்கவில்லை.

தமிழாசிரியர் குமரகுருபரன், ஜங்ஷன் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற வழியில், சைக்கிள் ஷெட் ஓரமாக நின்று இதைப் பார்த்தார். அவருக்கு இரக்க சுபாவம். அது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்கிற சுபாவமும் உண்டு.

ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் அது. போன வருசம், தொண்ணூற்று மூன்றில், கபடியில் ஒரு பெண்ணைக் காலைப் பிடித்து மடக்கியதில் அவள் மல்லாக்க விழுந்து தலை தரையில் மோதியது. நாலைந்து நாள் தலைசுற்றலும் வாந்தியுமாகக் கிடந்தாள். கழுத்து உரமாக இருந்தால் தலை அந்தக் குலுக்கு குலுங்காது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொன்னாராம்.

அன்றிலிருந்து கெசியா பிள்ளைகளின் கழுத்தை விடுவதில்லை. மைதானத்தில் ஜோடி ஜோடியாகச் செய்ய வேண்டும். வீட்டிலும் அம்மாவையோ அக்காவையோ கை வைக்கச் சொல்லிச் செய்ய வேண்டும். கழுத்து தடித்தால் எந்த மாப்பிள்ளை வருவான் என்று தாய்மார்கள் சண்டைக்கு வந்தும் டீச்சர் மசியவில்லை.

ஆவுடைத்தாய்க்கு வீட்டில் கை வைக்க ஆள் கிடையாது. அம்மா இறந்துவிட்டாள். அப்பா ஸ்ரீவைகுண்டத்தில் புரோட்டா மாஸ்டர். கடை சாத்திவிட்டுத்தான் வருவார்.

குமரகுருபரனுக்குப் பொறுக்கவில்லை. நேரே மைதானத்துக்குள் போய்விட்டார்.

“என்ன டீச்சர், தாயில்லாப் பிள்ளையப் போட்டு தினமும் இப்படி வாட்டுதீய? பிள்ளைகுட்டி பெத்தவங்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.”

கெசியாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பதைத் தாண்டியாயிற்று. அந்த வார்த்தை சுருக்கென்று தைத்திருக்கும். ஆனாலும், ஆவுடையின் கழுத்து இன்னும் சரியாக வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி நெற்றியில் கையை வைத்தார்.

மறுநாள் குமரகுருபரன் விஷயத்தைத் தலைமையாசிரியரிடம் கொண்டு போனார். ஸ்டாஃப் ரூமிலும் விவரமாகச் சொன்னார். உங்களுக்கு நல்ல மனசு சார் என்று சிலர் பாராட்டினார்கள். பயிற்சி முடிந்தபின் எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

அன்று சாயங்காலம் கெசியா ஆவுடைத்தாயையும் மற்றவர்களோடு சேர்த்துப் போகச் சொன்னார். அவள் நகரவில்லை.

“டீச்சர், எனக்கு இன்னும் தலை ஆடுது.”

பெரிய சார் உத்தரவு, போ என்று சொல்லிவிட்டு கெசியா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நல்ல காரியம் செய்த நிறைவோடு குமரகுருபரன் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். அங்கே சிமெண்டு பெஞ்சின் ஓரத்தில் ஆவுடைத்தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் பஸ்ஸில் போகிற பெண் இல்லை. வீடு பக்கத்துத் தெருதான்.

“ஏன் பிள்ள, வீட்டுக்குப் போகலியா?”

“போனா யாரும் இல்ல சார். இங்கன ஆளுக வருவாவ, போவாவ.”

அவருக்கு என்னவோ போல் இருந்தது. இனிமேல் டீச்சர் தொந்தரவு இல்லை, சந்தோஷம்தானே என்று கேட்டு வைத்தார்.

அவள் குனிந்துகொண்டாள்.

“நான் வேணும்னேதான் சார் தலையச் சாய்ச்சேன். சரியாச் செஞ்சா டீச்சர் வீட்டுக்கு அனுப்பிருவாவ. அம்மா போன பெறவு என் நெத்தியில கை வைக்குதது அவிய மட்டுந்தான்.”

பஸ் வந்து நின்றது. புறப்பட்டும் போனது. குமரகுருபரன் ஏறவில்லை. வந்த வழியே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்.

மைதானத்தில் கெசியா தனியாக, சும்மா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போய் வெகு நேரமாகிவிட்டது. குமரகுருபரன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பிள்ளை இத்தனை நாளும் உங்களை ஏமாற்றியிருக்கிறாள் டீச்சர் என்றார்.

“முதல் வாரமே தெரியும் சார். ஆட்டத்துல மூணு பேரு சேந்து அமுக்குனாலும் அசையாத கழுத்து அது. டீமுலயே அவ கழுத்துதான் உரம்.”

குமரகுருபரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. காலையில் முதல் வேலையாகத் தலைமையாசிரியரைப் பார்த்து உத்தரவை மாற்றச் சொல்கிறேன், அந்தப் பிள்ளைக்காகவாவது அவர் கேட்பார் என்றார்.

கெசியா எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

“அவளுக்காக மட்டும்னு சொல்லாதீங்க சார். என் வீடும் பூட்டித்தான் கெடக்கு.”