இரண்டு புள்ளிகள் அடங்கும் அளவு

ஓங்கோல் திரையை விட்டு நழுவியது.

மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்தபடி, அவள் கைபேசியை இரு கைகளாலும் பிடித்திருந்தாள்.

வரைபடத்தில் இரண்டே புள்ளிகள். நீலம், பெரம்பூரில் அவர்கள் வீட்டுப் புறாக்கூண்டு. சிவப்பு, காலில் ஜி.பி.எஸ். வளையம் மாட்டி, காலையில் விஜயவாடாவில் பந்தயத்துக்குப் பறக்கவிட்ட அவர்களுடைய பெட்டைப் புறா.

செயலியை எழுதியவள் அவள்தான். இரண்டு புள்ளிகளும் எப்போதும் திரைக்குள் அடங்கியிருக்க வேண்டும். அந்த ஒரு விதிதான். புறா நெருங்க நெருங்க, காட்டும் இடம் குறையும். ஊர்கள் பெரிதாகும்.

நெல்லூரும் மேலே போய் மறைந்தது.

"யோவ், நெல்லூர் தாண்டிட்டா!"

அவள் கணவன் தேவகுமார் திரும்பவில்லை. கூண்டருகே நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன்ல இன்னாமே தேடுற? வானத்தப் பாரு."

சொன்னானே தவிர, அவனும் கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தான்.

போன வருடம் நான்கு புறாக்களை விட்டார்கள். ஒன்றும் திரும்பவில்லை. ஒவ்வொரு முறையும் சிவப்பு எங்கோ நின்றுவிடும். திரை அகன்றபடியே கிடக்கும். இதுவும் வராவிட்டால் கூண்டைப் பிரித்துவிடுவதாக நேற்று சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிறவன்.

பழவேற்காடு ஏரி திரையில் நீலமாக விரிந்தது.

அதன் கரையில் சிவப்பு நின்றது.

அவள் பெருவிரல் நகத்தைக் கடித்தாள்.

நகரவில்லை.

ஏரிக்கரையில் புறாவை அடிக்கும் வல்லூறு உண்டு. அதை அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

"தண்ணி குடிக்குது," என்றான் அவன், வானத்திடம்.

புள்ளி அசைந்தது.

அவள் ஒற்றைக் காலில் குதித்தாள். செருப்பு ஒன்று பறந்து துணிக்கொடியில் மோதியது.

பொன்னேரி. செங்குன்றம். வரைபடம் தாவித் தாவி இறுகியது. மாதவரம் வந்தபோது தெருக்கள் முளைத்தன. பிறகு ரயில் பாதை. பள்ளிக்கூடம். அவர்கள் சந்துமுனை.

நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே இனி நான்கே வீடுகள்.

திரை சட்டென்று சாம்பல் நிறமானது.

சந்து இல்லை. வீடு இல்லை. புள்ளிகளும் இல்லை. தட்டினாள். இழுத்தாள். வெறும் சாம்பல்.

"ஐயோ, போச்சுய்யா. காணோம்."



தலை நிமிர்ந்தாள்.

தேவகுமார் அசையாமல் நின்றிருந்தான். உதட்டின் மேல் ஒற்றை விரல். கண்கள் மட்டும் சிரித்தன.

கூண்டு வாசலின் பலகையில், மார்பு படபடக்க, அது உட்கார்ந்திருந்தது.

கூண்டுக்குள் நுழைந்தால்தான் பந்தயத்தில் கணக்கு. அதுவரை யாரும் பேசக்கூடாது, நகரக்கூடாது. வெருண்டால் எழும்பிவிடும்.

அவள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிட்டால் திரை எந்த இடத்தைக் காட்ட வேண்டும்? அதை அவள் எழுதவே இல்லை. எத்தனையோ நிலைமைகளை யோசித்து எழுதியவள், இந்த ஒன்றை மட்டும் யோசித்ததே இல்லை.

பலகையில் புறா தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

பிறகு ஒரு காலை உள்ளே வைத்தது.