தம்பி கொடுத்த புகார்

"உங்க தம்பி ஒரு புகார் கொடுத்திருக்காரு" என்றார் இல்லத்தின் மேலாளர் அம்மா.



தம்பிக்கு நாற்பத்தொரு வயது. பத்துப் பன்னிரண்டு வார்த்தை பேசுவான். அதில் பாதி சாப்பாட்டுக்கே சரியாகிவிடும். செருப்பு கடித்துக் கால் கொப்பளித்தாலும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. அவன் புகார் கொடுத்தானா?

மேசையில் ஒரு அட்டை இருந்தது. பேச வராதவர்கள் சொல்ல நினைப்பதை ஒட்டிக் காட்டுவதற்கு இங்கே சின்னச் சின்னப் படங்கள் வைத்திருக்கிறார்கள். தம்பி மூன்றை எடுத்து ஒட்டியிருந்தான்.

ஒரு சட்டை. ஒரு கை. சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

மூன்றும் கோணல்மாணல். கைப்படத்தைச் சுற்றி மட்டும் பசை வழிந்து காய்ந்திருந்தது. அவ்வளவு அழுத்தியிருக்கிறான்.

நான் தையற்காரி. கிழிசலைப் பார்த்தே எந்தப் பக்கத்திலிருந்து இழுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். இதற்கு அந்தக் கெட்டிக்காரத்தனம்கூடத் தேவைப்படவில்லை. யாரோ என் தம்பி மேல் கை வைத்திருக்கிறார்கள்.

முன்பு இருந்த இல்லத்தில் சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டியிருந்தார்கள். தரையில் முகம் பார்க்கலாம். "தங்கமான ஆளு, வாயே தொறக்க மாட்டாரு" என்று மெச்சுவார்கள். நானும் பூரித்துப் போவேன். ஆறு வருடம் கழித்து ஒருநாள் அவன் முதுகில் பெல்ட் கொக்கியின் தடத்தைப் பார்த்தபோதுதான், ஏன் வாய் திறக்கவில்லை என்று விளங்கியது.

"யாரு? ஆளைக் காட்டுங்க" என்றேன்.

"நாங்களா ஊகிக்கக் கூடாதும்மா. அவரே சொல்லட்டும்."

தம்பி வந்தான். கூடவே ஒரு பராமரிப்பாளர். எல்லோரும் அவரை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். நிலைப்படி இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். முறம் முறமாகக் கை. அந்தக் கையையே பார்த்தேன். இவன்தான் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன்.

நெட்டை, தம்பியைத் தோளைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. எங்கே உட்காரப் பிரியம் என்று கேட்டுவிட்டு நின்றார்.

தம்பி யோசித்தான். சன்னலைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். அரை நிமிடம் போயிருக்கும். யாரும் அவனுக்காகப் பதில் சொல்லவில்லை. கடைசியில் சன்னலோர நாற்காலியைக் காட்டினான்.

நானாக இருந்தால் அதற்குள் உட்கார வைத்து, தலையும் வாரிவிட்டிருப்பேன்.

மேலாளர் அம்மா அட்டையை அவன் முன்னால் வைத்தார். பக்கத்தில் புகைப்படங்களைப் பரப்பினார். சமையற்காரம்மா, நர்ஸ், தோட்டக்காரர், நெட்டை. தன் படத்தையும் சேர்த்தே வைத்தார். பிறகு கைப்படத்தைத் தொட்டு, இது யாருடைய கை என்று கேட்டார்.

தம்பி சமையற்காரம்மாவை ஒதுக்கினான். நர்ஸை ஒதுக்கினான். நெட்டையின் படத்தை எடுத்தான். அதை லேசாகத் தடவிக் கொடுத்துவிட்டு அதையும் ஒதுக்கினான்.

மிச்சப் படங்களையும் ஒதுக்கினான். மேசையில் அட்டை மட்டும்தான் இருந்தது.

தம்பி எழுந்து வந்தான். என் வலது கையைப் பிடித்துத் தூக்கி, அட்டையின் மேல் வைத்தான்.



நான் ஞாயிறு தவறாமல் வருகிறவள். வந்ததும் முதல் வேலையாக அவன் சட்டையைத் தூக்கிப் பார்ப்பேன். முதுகு, விலா, இடுப்பு. காயம் இருக்கிறதா, கன்றியிருக்கிறதா என்று. கூடத்தில் பத்துப் பேர் இருந்தாலும் என் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வருடமாக இதே கதைதான். அவனும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி அசையாமல் நிற்பான்.

அந்தப் பழைய இல்லத்திலும் அப்படித்தான் நின்றிருப்பான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் என் கை மேல் இருந்த அவன் கையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அடித்தவனிடம் ஆறு வருடம் வாய் திறக்காதவன். தூக்கி வளர்த்த அக்காவிடம் கூடாது என்கிறான்.

என்கிட்டயே சொல்லிவிட்டான். இனி யாரிடம்தான் சொல்ல மாட்டான்?

"தப்புதான்டா தம்பி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "இன்னைக்கு ஒரே ஒரு தடவை பாத்துக்கட்டுமா?"

நெட்டை தலையைக் குனிந்துகொண்டார். தம்பி யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான்.

"வேணாம்க்கா."

அந்த வார்த்தையை அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மேலாளர் அம்மா பதிவேட்டை என் பக்கம் திருப்பி, புகாருக்கு உள்ளானவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

பேனாவை வாங்கிக் கொட்டை எழுத்தில் போட்டேன்.