கேமரா இல்லாத கம்ப்யூட்டர்

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன இனாயத் பதினொன்றரைக்குத்தான் வந்து சேர்ந்தார். மர்சலின் டீச்சர் ஏன் லேட் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வியாழக்கிழமை அந்தோணியார் கோயில் மணியை ரிப்பேருக்கு இறக்கினதிலிருந்து அவருக்குப் பத்தும் ஒன்றுதான், பதினொன்றரையும் ஒன்றுதான்.

"சாரி டீச்சர். மந்தைவெளி சிக்னல்ல மாட்டிக்கினேன்" என்றபடி, பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். இருபது வருஷமாக வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பார்ப்பவர். பழைய டெஸ்க்டாப்புக்குப் பக்கத்தில் அந்த லேப்டாப் நோட்டுப் புத்தகம் மாதிரி ஒல்லியாக இருந்தது.

பழசுக்குப் பதினோரு வயது. மேஜைக்கு அடியில் பெட்டி, மேலே மானிட்டரும் மைக்கும், ஜன்னல் கட்டையில் இரண்டு ஸ்பீக்கர். கேமரா மட்டும் கிடையாது. தனியாக வாங்கி மாட்டினால் இந்த மிஷின் தாங்காது என்று இனாயத் போன தடவையே கையை விரித்துவிட்டார். டீச்சரிடம் இருப்பதோ பட்டன் போன்.

"இதுல எல்லாம் உள்ளயே கீது டீச்சர். ஒரு அமுக்கு அமுக்குனா மூஞ்சி வந்துடும். புடிக்கலன்னா எடுத்துனு போயிடறேன்."

லேப்டாப்பின் மேல்விளிம்பில் பொட்டளவு இருந்த கேமராவையே டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே மகன் ஃபிரெட்ரிக் கனடா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியாரே மைக்கில் அறிவித்து வழியனுப்பி வைத்தார். அன்றைக்கு டீச்சருக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் பதினொன்றே முக்காலுக்குக் கம்ப்யூட்டரில் அவன் குரல் வரும். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் போடும் சத்தம்தான். தனிமை டீச்சரைத் தின்றுகொண்டிருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"அவன் மூஞ்சியப் பாக்கணும் இனாயத். இளைச்சிருக்கானான்னு குரல்ல தெரிய மாட்டேங்குது."

"தம்பி இன்னா சொல்றாரு?"

"பழசே போதுங்கறான். எனக்குப் புதுசு பழகறது கஷ்டமாம். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரம்மாவா இருந்தவ நான்."

சொல்லி வாயை மூடவில்லை, பழைய கம்ப்யூட்டர் கூப்பிட்டது.

"சாப்டியா மம்மி?"

"இன்னும் இல்லப்பா. அங்க ராத்திரி ஒண்ணே கால் ஆகுமே, தூங்காம இருக்கியே?"

"பரவால்ல மம்மி. வெளிய ஒரே பனி. குளிர் தாங்கல."

"ஆபீஸ்ல ஆளைக் கொறைக்கறாங்கன்னு சொன்னியே, என்னாச்சு?"

"நான் தப்பிச்சுட்டேன் மம்மி."

டீச்சர் அந்தோணியாருக்கு மனசுக்குள் நன்றி சொன்னார். "இனாயத் லேப்டாப் கொண்டாந்திருக்கார்டா. இன்னிக்கே உன்னைப் பாத்துடுவேன்."

"அதெல்லாம் எதுக்கு மம்மி? இங்க நெட் சரியில்ல, படம் வராது. நீயும் கொழம்பிப் போவே. பழசே போதும்."

"கனடாவுல நெட் இல்லியாமா?" என்று இனாயத் மெதுவாகச் சிரித்தார்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. "பெத்தவளுக்கு மூஞ்சியக் காட்ட உனக்கு இஷ்டமில்லியாடா?"

"அப்படியில்ல மம்மி..."

"அப்ப நான் வாங்கத்தான் போறேன்" என்று டீச்சர் இனாயத்தைப் பார்த்துத் தலையாட்டினார். இனாயத் பில் புத்தகத்தைத் தேடி எடுத்தார்.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து பன்னிரண்டு மணிக்கான கோயில் மணி கேட்டது. முதலில் மூன்று, கொஞ்சம் விட்டு இன்னொரு மூன்று. அந்த மணி கேட்டால் இந்த வீட்டில் எந்தப் பேச்சும் நின்றுவிடும். ஃபிரெட்ரிக் மூவேளை செபத்தின் முதல் வரியைச் சொல்வான், டீச்சர் பதில் வரி சொல்வார். அவன் ஒன்றாம் வகுப்பு படித்த நாளிலிருந்து வந்த பழக்கம்.

இன்றைக்கும் அவன் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டான். டீச்சரிடமிருந்து பதில் வரவில்லை. அவர் எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கர்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"மம்மி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்று சிலுவை போட்டுக்கொண்டு தன் வரியைச் சொன்னார். செபம் முடிகிறபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இது வேணாம் இனாயத். எடுத்துட்டுப் போயிடுங்க."

"இன்னா டீச்சர்? மூஞ்சியப் பாக்கணும்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"ஆமா, பாக்கணும். அதுக்கு இது வேணாம்."

இனாயத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை சொல்லிவிட்டானே என்று அம்மா இறங்கிவிட்டார் போல, பாவம் என்று நினைத்துக்கொண்டு லேப்டாப்பைப் பைக்குள் வைத்தார். ஸ்பீக்கரில் ஃபிரெட்ரிக் பெருமூச்சு விட்டது அவருக்கே கேட்டது.

"தேங்க்ஸ் மம்மி. அடுத்த சண்டே கூப்பிடறேன்."

"இருடா, வெச்சிடாதே." டீச்சர் மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். கோபமாகத்தான் பேச நினைத்தார். ஆனால் கோபம் வரவில்லை.

"நம்ம கோயில் மணிய எறக்கி மூணு நாளாச்சு. இப்ப பன்னண்டு அடிச்சது உன் பக்கத்துல. மெட்ராஸ்ல எங்க இருந்தாலும் சரி, சாப்பிட வீட்டுக்கு வந்துடு."