சனிக்கிழமைக்குள் ஒரு படம்

கான் தோ வட்டாரத்தில் முகப்படம் திருத்துவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது லியெனின் கருத்து. பக்கத்து ஊரான சா டெக்கில் இதே வேலை செய்யும் தாங் அண்ணன் மட்டும் விதிவிலக்கு. அவர் இணையத்தில் எந்தப் படத்தைப் போட்டாலும் முதல் இதயம் இவளுடையதுதான்.

திங்கட்கிழமை அவள் கடைக்கு வந்தவர் பெயர் கியெம். வயது ஐம்பது, தலைமுடிக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தார். அவர் நீட்டிய கைப்பேசியில் ஒரு பெண் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பொண்டாட்டி. ஊதுவத்தி மாடத்துல வைக்கிற மாதிரி படம் பண்ணணும், தங்கச்சி. உதட்டுச் சாயம், தோடு எல்லாத்தையும் எடுத்துடு. கறுப்பு அங்கி போட்டு விடு."

"அடப்பாவமே! அக்கா எப்போ தவறினாங்கண்ணே?"

"சனிக்கிழமைக்குள்ள வேணும். யாருகிட்டயும் காட்டாதே."

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை. துக்கத்தில் உளறுகிறார் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை காலை. கண்ணுக்குக் கீழிருந்த கடைசிச் சுருக்கத்தை அழித்துவிட்டு நிமிர்ந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்க் கீரைக்கடையில் அதே முகம் பேரம் பேசிக்கொண்டிருந்தது! இரண்டு நாளாக மயிர்க்கால் மயிர்க்காலாகப் பார்த்த முகம், தப்ப வாய்ப்பே இல்லை.

வயதானவர்கள் முன்கூட்டியே படம் செய்து வைப்பதுண்டு. ஆனால் அவர்களே நேரில் வந்து, "பத்து வயசு குறைச்சுடு" என்று வம்பு செய்து வாங்கிப் போவார்கள். நன்றாக இருக்கும் மனைவிக்குக் கணவன் திருட்டுத்தனமாகச் செய்யச் சொன்னால்? அதுவும் நாள் குறித்து?

லியென் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பெயரைக் கேட்டாள். தாவ் என்றாள் அவள். நடந்ததைச் சொல்லித் திரையைக் காட்டினாள்.

தாவ் படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கே. தோடு எங்கம்மா?"

"அக்கா! தோடா முக்கியம்? உங்களுக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு அவரு நாள் குறிச்சிருக்காரு!"

"ஆசைப்பட்டுட்டாரு. இருந்துட்டுப் போகட்டும்."

இப்படியும் ஒரு அப்பாவியா என்று லியெனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"போலீசுக்குப் போலாம்கா."

"வேணாம், வேணாம். வீட்டு விஷயம் வீதிக்கு வரக்கூடாது."

"அவரு குடுக்கிற எதையும் சாப்பிடாதீங்கக்கா."

"எங்க வீட்டுல சமையல் நான்தானே! இன்னிக்கு மீன் சூப் வேணும்னு கேட்டிருக்காரு. நேரமாச்சு, வரேன்."

கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு தாவ் கிளம்பிவிட்டாள். லியெனுக்குப் பாதி உயிர் திரும்பியது. சமைப்பவள் அவளே என்றால் சோற்றில் எதையும் கலக்க முடியாது. ஆனால் படகில் கூட்டிப்போய்த் தள்ளிவிட்டால்? அந்த அக்கா என்ன சொன்னாலும் சரி, கடையைப் பூட்டிவிட்டுப் போலீசுக்குப் போவதென்று முடிவு செய்தாள்.

மனத்தைத் தேற்றிக்கொள்ள அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கைப்பேசியில் தாங் அண்ணனின் பக்கத்தைத் திறந்தாள்.

புதுப் படம் போட்டிருந்தார். ஓர் ஆணின் மாடத்துப் படம். கறுப்பு அங்கி, சாந்தமான சிரிப்பு, கண்ணில் அப்படியோர் ஒளி! "என்ன கைண்ணே உங்க கை!" என்று எழுதி, இதயமும் போட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

கியெம்!

கீழே தாங் அண்ணன் எழுதியிருந்தார்: 'வெள்ளிக்கிழமை அடக்கமாம். பாவம் அவர் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே நேற்று வந்து வாங்கிப் போனார்.'