வெண்டெலுக்குக் கை நடுங்கிடுச்சு

கடாமான் நின்னுடுச்சு.

பசுமாடு கணக்கா உடம்பு. தலையில ஒரு மரத்தையே சுமக்கிற மாதிரி கொம்பு. கல்லெறியிற தூரத்துல, பனியில நின்னுக்கிட்டு, நேரா இவங்களையே பாக்குது.

ஒரு சின்ன சத்தம் போதும், ஓடிரும்.

வெண்டெல் குப்புறப் படுத்து, துப்பாக்கியில கண்ணை வெச்சிருக்காரு. இடது பக்கத்துல லைல், அவர் பொண்டாட்டியோட தம்பி. நல்லாத் தெரியணும்னு ஒரு முழம் முன்னாடி வேற தவழ்ந்து போய்ப் படுத்திருக்கான்.

மொன்டானாவுல எல்க்ங்கிற இந்தப் பெரிய மான் வேட்டைக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். இந்த மலைக்கு பர்மிட் குலுக்கல்ல விழணும். வெண்டெலுக்கு வருஷக்கணக்கா பேரு வராம, இப்பத்தான் வந்துச்சு. இந்தக் கடா விழுந்தா குளிர்காலம் பூரா வீட்டுல கறி. விழலேன்னா, பொண்டாட்டி மார்லீஸ்கிட்ட யாரு போய்ச் சொல்றது?

துப்பாக்கி புதுசு. தோளை உதைக்காம இருக்கக் குழல் முனையில பிரேக்னு ஒண்ணை முறுக்கியிருக்காரு. பக்கவாட்டுல ஓட்டை ஓட்டையா இருக்கும். உதைய அது வாங்கிக்கும். சத்தத்தைப் பக்கத்துல இருக்கிறவன் வாங்கிக்கணும். அதனால காதுக்குள்ள அடைப்பான், அதுக்கு மேல காதுமூடி. காலையில மலையேறினதுமே ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டாங்க.

லைல் முழங்கையால ஒரு இடி இடிச்சான். சுடுங்கன்னு அர்த்தம்.

வெண்டெல் சுடல.

இன்னொரு இடி. இப்பவும் சுடல.

கடா தலையை ஒரு ஆட்டு ஆட்டுச்சு. 'போங்கடா'ன்னு சொல்ற மாதிரி திரும்பி, மரத்துக்குள்ள போயே போச்சு.

"மச்சான்! என்ன வந்துச்சு உங்களுக்கு?"

வெண்டெல் தோட்டாவை வெளிய எடுத்துக்கிட்டே சொன்னாரு.

"கை நடுங்கிடுச்சு, லைல்."

சாயங்காலம் ஊர்ல இருக்கிற ஒரே பார்ல கூட்டம் தாங்கல. லைல் பூல் மேஜை மேலயே ஏறிப் படுத்துட்டான். பந்தடிக்கிற குச்சிதான் துப்பாக்கி.

"எல்லாரும் கேளுங்க! கடா வருது. பனியில மொறுக்... மொறுக்... மூக்குல மூச்சு, புஸ்ஸ்... புஸ்ஸ்... நான் இடிக்கிறேன். நம்ம வேட்டைப்புலி என்ன பண்றாரு? பல்லு கடகடகடன்னு தந்தி அடிக்குது! எனக்கே கேக்குதுப்பா!"

"சுட்டாரா இல்லியா?"

"எங்க சுட்டாரு! விசையில இருந்த கையை எடுத்துக் காதைச் சொறிஞ்சாரு!"

பாரே குலுங்குச்சு.

"வெண்டெலு, பேசாம கடையில கோழி வாங்கிக்க. அது நின்னு உன்னை முறைக்காது!"

வெண்டெல் பீரைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டாரு. மார்லீஸ் மட்டும் சிரிக்கல. சாவியை எடுத்தா. "கெளம்புங்க ரெண்டு பேரும்."

பிக்கப் வண்டி. மார்லீஸ் ஓட்டுறா, நடுவுல லைல், ஜன்னலோரம் வெண்டெல். ஊரைத் தாண்டினதும் மார்லீஸ் ஆரம்பிச்சா.

"காலையிலதான் ஃப்ரீசரைக் கழுவித் தொடச்சு வெச்சேன்."

"ம்."

"மூச்சை அடக்கிச் சுட வேண்டியதுதானே? நடுக்கமாம், நடுக்கம்! என்னைக் கட்டிக்கக் கேட்டப்பக் கூட உங்களுக்கு நடுங்கல."

லைல் களுக்குன்னு சிரிச்சான்.

"நீ என்னடா சிரிக்கிற? இரு... பனி மொறுமொறுத்தது உனக்கு எப்படிடா கேட்டுச்சு?"

"கிட்டக்க நின்னுச்சுல்ல, அக்கா."

"அடைப்பானும் மூடியும் மாட்டிட்டா, நான் கத்துறதே உனக்குக் கேக்காது. இவர் பல்லு ஆடுறது கேட்டுச்சாக்கும்?"

லைல் முழிச்சான்.

"அது வந்து... அது வர்ற சத்தத்தைக் கேக்கணும்னு... ரெண்டையும் கழட்டிட்டேன்."

"தலையை எங்கடா வெச்சிருந்த?"

லைல் அக்காவை விட்டுட்டு ரோட்டைப் பாத்தான்.

"எங்கடா வெச்சிருந்தன்னு கேக்குறேன்!"

"துப்பாக்கி பிரேக்குக்குப் பக்கத்துல."

மார்லீஸ் வண்டியை ஓரங்கட்டினா. புருஷனைத் திரும்பிப் பாத்தா.

"அப்ப நீங்க காதைச் சொறியல."

"மாட்டுடான்னு காட்டினேன்," வெண்டெல் ஜன்னலைப் பாத்தே சொன்னாரு. "அவன் கடாவைத்தான் பாத்தான். வாயைத் தொறந்தா அது ஓடிரும். சுட்டா இவன் காது போயிரும். விட்டுட்டேன்."

லைலோட கை தானா வலது காதுக்குப் போச்சு.

"மச்சான்... ஊரே சிரிச்சுதே. மலையிலயாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அதையும் நீ மேஜை மேல ஏறி நடிச்சுக் காட்டியிருப்ப. எனக்குக் கை நடுங்குச்சுன்னா நாலு நாள் சிரிப்பாங்க, அவ்ளோதான். நீ தொறந்த காதோட பிரேக் பக்கத்துல படுக்கிற ஆளுன்னு தெரிஞ்சா, இனிமே உன்னை எவன்டா வேட்டைக்குக் கூட்டிட்டுப் போவான்?"